மூன்று இடத்துத் தண்ணீர்

ஆரபி: ...கத்தியாலை வெட்டின மாதிரிக் கிடக்காம்.

கோகுலன்: என்னது?

ஆரபி: என்ரை அறிக்கை. கம்பசிலை எங்கடை சேர் மத்தியானம் போன் எடுத்துச் சொன்னவர்.

கோகுலன்: அறிக்கையை வெட்டிப்போட்டாரோ? நாளைக்கெல்லோ கூட்டம்?

ஆரபி: வெட்டேல்லை, அண்ணை. வெட்டின மாதிரி எண்டுதான்...

கோகுலன்: முதல் அந்தக் கதிரையிலை இருங்கோ, மிஸ். மூச்சு வாங்குது. வினோஜா, தேத்தண்ணி போடு.

வினோஜா: போட்டாச்சு. மிஸ் படலை திறக்கேக்கையே கண்டனான். சீனி எவ்வளவு, மிஸ்?

ஆரபி: என்னவும் போடுங்கோ, அக்கா. அண்ணை, நாளைக்குப் பத்து மணிக்குக் கச்சேரியிலை, அரசாங்க அதிபருக்கு முன்னாலை, நான் அறிக்கையை வாசிக்கோணும். அதுக்குள்ளை எனக்கு ஒரு விசயம் விளங்கோணும்.

கோகுலன்: எனக்கும் ஒரு விசயம் விளங்கோணும். கொம்பனியின்ரை கழிவுக் குழாயை மூடுவினமோ, இல்லையோ?

ஆரபி: அறிக்கை நிண்டால் மூடுவினம்.

கோகுலன்: விழுந்தால்?

ஆரபி: மூடாயினம். இறால் கொம்பனி கொழும்பிலையிருந்து ஒரு நிபுணரைக் கூட்டி வருது. அவருக்கு அறிக்கையிலை ஒரு ஓட்டை போதும்.

கோகுலன்: மீன்பிடிச் சங்கத்திலை கனகலிங்கண்ணை, நாளையோடை குழாயின்ரை கதை முடிஞ்சுது எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார்.

ஆரபி: அவரை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு.

கோகுலன்: மூடினால்... உள்ளுக்கை வேலை செய்யிற சனம் என்ன செய்யிறது?

ஆரபி: கழிவுத் தண்ணிக்குத் தொட்டி கட்டுமட்டும் வேலை நிக்கும். ஏன், நீங்கள் ஆர் பக்கம்?

கோகுலன்: சும்மா கேட்டனான்.

வினோஜா: இந்தாங்கோ, மிஸ். சூடு. இவர் இப்பிடித்தான், இண்டைக்கு லீவு எண்டபடியால் காலமையிலையிருந்து சும்மா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்.

ஆரபி: கடலுக்கும் லீவு விடத் தொடங்கியாச்சோ?

வினோஜா: இல்லை... போகேல்லை எண்டதைச் சொன்னனான்.

கோகுலன்: நீ போய் உன்ரை வேலையைப் பார். மிஸ், என்ன விளங்கேல்லை?

ஆரபி: நீங்கள் எடுத்துத் தந்த தண்ணி.

கோகுலன்: தண்ணியிலை விளங்க என்ன கிடக்கு?

ஆரபி: வெங்காயத்துக்கு யூரியா போட்டால் என்ன நடக்கும்?

கோகுலன்: என்னைக் கேட்டால்? நான் தோட்டம் செய்யிற புத்தூரானோ? கடற்கரையான்.

ஆரபி: சரி, நான் உடுவிலாள், எங்கடையும் தோட்டக்கார ஊர், நானே சொல்லுறன். கொழுக்கும். கடலுக்கை இறால் கழுவின தண்ணி வந்தாலும் அதே யூரியாக் கதைதான். கண்ணுக்குத் தெரியாத பயிர் கடல் முழுக்க மிதக்குது, பிளாங்ரன் எண்டு. அது கொழுக்கோணும். தண்ணி பச்சையாகோணும்.

கோகுலன்: ஓம். பச்சைதானே?

ஆரபி: இல்லை! ஏப்ரல் வரைக்கும் பச்சை. மேயிலையிருந்து உங்கடை போத்திலிலை பெரிசு ஒண்டும் இல்லை. மாலை மாதிரிக் கோத்துக் கிடக்கிறது, கொம்பு வைச்சது, துள்ளித் திரியிற பூச்சி... ஒண்டும் இல்லை. சின்னன் மட்டும் கிடக்குது. அதோடை பற்றீரியா மூண்டு மடங்கு.

கோகுலன்: அப்ப கடல் செத்துப்போச்சு.

ஆரபி: அப்பிடித்தான் நானும் எழுதினனான். பெரிசு நஞ்சு தாங்காமல் சாகுது. சின்னது தாங்குது. செத்ததைத் திண்டு பற்றீரியா பெருகுது. நாற்பது பக்கம்.

கோகுலன்: நல்லாத்தானே கிடக்கு.

ஆரபி: நல்லாக் கிடக்கிறதுதான் பிழை. கடல் இவ்வளவு ஒழுங்காச் சாகாதாம். கொஞ்சம் சாகும், கொஞ்சம் தப்பும், புதுசா ஒரு சாதி வந்து நிக்கும். இதிலை ஒரு பருமனுக்கு மேலை ஒண்டுமே இல்லை. அதுக்குக் கீழை எல்லாம் கிடக்கு. அதுவும் குழாயடி, கல்லுப்பாரடி, வெளிக்கடல், மூண்டு இடத்திலையும் ஒரே மாதிரி.

கோகுலன்: ஒரே கடல்தானே, மிஸ்.

ஆரபி: ஏப்ரலிலையும் ஒரே கடல்தான். அப்ப மூண்டும் மூண்டு விதம்.

கோகுலன்: ஏப்ரல் வரைக்கும் நீங்களும் வள்ளத்திலை வந்தனீங்கள். கடலுக்குச் சாப்பாடு போட்டனீங்கள். அதுதான் கொழுத்தது.

வினோஜா: பகிடி விடாதேங்கோ. அவவுக்கு ஒத்துக்கொள்ளேல்லை.

கோகுலன்: ஒரு நாளிலை ஐஞ்சு தரம் சத்தி எடுத்தவ. கடல் படிச்ச பிள்ளை.

ஆரபி: நாலு தரம். படிச்சது புத்தகத்திலை. அதை விடுங்கோ. மேயிலையிருந்து என்ன நடந்தது, ஒண்டுஒண்டாச் சொல்லுங்கோ.

கோகுலன்: என்ன நடந்தது? நீங்கள் சொன்ன மாதிரித்தான். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, வியாழன் பின்னேரம், ஆறு போத்தில்.

ஆரபி: ஒரு இடத்துக்கு ரெண்டு.

கோகுலன்: ஒரு இடத்துக்கு ரெண்டு. வீட்டை கொண்டந்து வைக்கிறது. வெள்ளி காலமை மினிபஸ்ஸிலை கொண்டக்டரிட்டைக் குடுத்து விடுறது. அவன் கம்பஸ் வாசலிலை குடுக்கிறது.

ஆரபி: தண்ணி பழுதாகாமல் விடுற மருந்துத் துளி?

கோகுலன்: விட்டனான்.

ஆரபி: எப்ப?

கோகுலன்: காலமை.

ஆரபி: காலமையோ? எடுத்த உடனை விடச் சொன்னனான், அண்ணை!

கோகுலன்: பின்னேரம் கை நடுங்கும். நாள் முழுக்க வேலை.

ஆரபி: இரவு முழுக்கப் போத்தில் எங்கை நிண்டது? குளிர்ப்பெட்டியிலையோ?

கோகுலன்: ஓம்.

வினோஜா: இல்லை. குளிர்ப்பெட்டி மேயிலையே பழுதாப் போச்சுது.

கோகுலன்: நீ சும்மா இரு.

வினோஜா: பழுதானதைப் பழுது எண்டுதானே சொல்லுறது? குசினியிலை நிண்டது, மிஸ். அடுப்புக்குப் பக்கத்திலை இல்லை. கொஞ்சம் தள்ளி.

ஆரபி: கடவுளே. மூண்டு மடங்கு பற்றீரியா.

வினோஜா: எங்கடை குசினி துப்பரவு!

ஆரபி: உங்களைச் சொல்லேல்லை, அக்கா. வெக்கைக்கு அது போத்திலுக்குள்ளை குட்டி போடும். சரி, பற்றீரியா போகட்டும். பெரிசு எங்கை போனது? வெக்கைக்குப் பெரிசு காணாமல் போகாது. செத்தாலும் கோது கிடக்கும். கண்ணாடி மாதிரிக் கோது.

கோகுலன்: ஆரும் எடுத்திருப்பினமோ?

ஆரபி: ஆர் எடுக்கிறது? மினிபஸ் கொண்டக்டரோ?

கோகுலன்: அவன் எல்லாம் எடுப்பான்.

வினோஜா: மிஸ்... பெரிசு எண்டால் எவ்வளவு பெரிசு?

ஆரபி: கண்ணுக்குத் தெரியாது. பூச்சி மட்டும் வெளிச்சத்திலை பிடிச்சால் புள்ளி புள்ளியாத் துள்ளுறது தெரியும்.

வினோஜா: வெள்ளைப் புள்ளியோ?

ஆரபி: ஓம்.

வினோஜா: பச்சையா நூல் மாதிரியும்?

ஆரபி: ஓம், அக்கா. நீங்கள் எங்கை கண்டனீங்கள்?

வினோஜா: அப்ப அது... அது வேணுமோ, மிஸ்?

ஆரபி: எது?

வினோஜா: அந்த அழுக்கு.

ஆரபி: அக்கா, என்ன செய்தனீங்கள்?

வினோஜா: நான் ஒண்டும் செய்யேல்லை. வடிச்சனான்.

கோகுலன்: என்னத்தை வடிச்சனீ?

வினோஜா: தண்ணியை. வேறை என்னத்தை? முதல் தரம் இவர் கொண்டந்து வைச்சிட்டுக் குளிக்கப் போயிட்டார். நான் போத்திலைத் தூக்கிப் பாக்கிறன், ஊத்தை. பூச்சி துள்ளுது. கம்பசுக்குப் போற தண்ணி, மிஸ். படிச்ச ஆக்களின்ரை கையிலை போறது. இந்த வீட்டிலையிருந்து புழுத் தண்ணி போனதெண்டு வரட்டோ?

ஆரபி: அக்கா...

வினோஜா: பவுசர் லொறியிலை வாற தண்ணியையே நாங்கள் நாலா மடிச்ச வேட்டித் துணியாலை வடிச்சுத்தான் குடத்துக்கை விடுறது. வடிக்காத தண்ணியை ஒருத்தருக்கும் குடுத்துப் பழக்கமில்லை.

ஆரபி: ஒவ்வொரு தரமுமோ?

வினோஜா: ஒரு தரமும் தவறேல்லை.

கோகுலன்: எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே?

வினோஜா: தேத்தண்ணியும் வடிச்சுத்தான் தாறனான். அதை ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சொல்லுறனானோ?

ஆரபி: துணியைப் பேந்து என்ன செய்யிறது?

வினோஜா: தோய்ச்சுக் காயப் போடுறது.

ஆரபி: என்னத்தாலை?

வினோஜா: சவர்க்காரத் தூளாலை. நல்ல தூள், மிஸ். நுரை போகுமட்டும் அலசுவன்.

ஆரபி: பொசுபேற்று.

கோகுலன்: என்ன மிஸ்?

ஆரபி: சவர்க்காரத் தூளிலை இருக்கிறது. தண்ணியிலை அது கூடிப்போச்சு எண்டு எழுதின பதினெட்டாம் பக்கம் போச்சுது.

வினோஜா: மிஸ் அழுறாவோ சிரிக்கிறாவோ?

கோகுலன்: எனக்குத் தெரியேல்லை.

ஆரபி: எனக்கும் தெரியேல்லை. அண்ணை, துணிக்கு மேலை நிண்டது பெரிசு. கீழை இறங்கினது சின்னன். கத்தியாலை வெட்டின மாதிரி! சேர் கெட்டிக்காரன்.

வினோஜா: நான் நல்லதுக்குத்தான்...

ஆரபி: தெரியும், அக்கா. உங்களிலை பிழை இல்லை. என்னத்துக்குத் தண்ணி எடுக்கிறம் எண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லை. அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிட்டன்.

கோகுலன்: எனக்கும் வடிவாச் சொல்லேல்லை.

ஆரபி: உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது கிறிக்கெட்.

கோகுலன்: சரி. இப்ப என்ன? இந்த முற்றத்திலை இருக்கிற மூண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

ஆரபி: அதுக்கு?

கோகுலன்: வாசியுங்கோ.

ஆரபி: பொய்யையோ?

கோகுலன்: மீன் வரவு குறைஞ்சது பொய்யோ? குழாயடியிலை மணக்கிறது பொய்யோ?

ஆரபி: அது உண்மை. ஆனா நான் சொல்லுற காரணம் வேட்டித் துணியெல்லோ!

கோகுலன்: கொழும்பு ஆளுக்கு வேட்டித் துணி தெரியுமே?

ஆரபி: சேருக்கு ரெண்டு நிமிசத்திலை தெரிஞ்சுது.

வினோஜா: கடலுக்கு ஒண்டுமில்லை எண்டு வந்தால் நல்லதுதானே, மிஸ்?

ஆரபி: ஒண்டுமில்லை எண்டும் சொல்லேலாது, அக்கா. என்ன கிடந்ததெண்டே தெரியாது. கிடந்ததை நீங்கள் கிணத்தடியிலை ஊத்திப்போட்டியள்.

வினோஜா: வாழைக்கு.

ஆரபி: வாழைக்கு... ரெண்டு வழி கிடக்கு. ஒண்டு, மேயிலையிருந்து எடுத்ததெல்லாம் பிழை எண்டு நாளைக்குச் சொல்லுறது. ஏப்ரல் வரைக்கும் உள்ளதை வாசிக்கிறது. நாலு மாசத்துக்குள்ளை குழாயிலை பிழை பெரிசாத் தெரியேல்லை. அவை சிரிச்சுப்போட்டுப் போவினம்.

கோகுலன்: மற்றது?

ஆரபி: இப்ப எடுக்கிறது. வடிக்காமல். மைக்கிறஸ்கோப் காரிலை கிடக்கு. மூண்டு இடத்துத் தண்ணி, அரை மணித்தியாலம் போதும். பெரிசு உண்மையிலை இல்லையெண்டால் அறிக்கை நிக்கும், துணி இருந்தாலும் இல்லாட்டிலும். இருந்தால் விழும். எதெண்டாலும் எனக்குத் தெரியவரும். எழும்புங்கோ.

கோகுலன்: இப்பவோ?

ஆரபி: நாலு மணிதானே. ஆறுக்கு முந்தி வந்திடலாம்.

கோகுலன்: சோழகக் காத்து அடிக்குது, மிஸ்.

ஆரபி: சோழகத்துக்கு இந்தப் பக்கக் கடல் குளம் மாதிரி எண்டு நீங்கள்தான் சொன்னது.

கோகுலன்: அது வேறை சோழகம்.

ஆரபி: எத்தினை சோழகம் கிடக்கு?

கோகுலன்: இஞ்சின் பிளக்கும் சரியில்லை. நாளைக்கு விடிய வெள்ளாப்பிலை போவம்.

ஆரபி: நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம்!

கோகுலன்: நீங்கள் சத்தி எடுப்பியள்.

ஆரபி: எடுக்கிறன். ஒரு வாளி தாங்கோ. வள்ளம் துறையிலை கிடக்கோ?

கோகுலன்: ஓம்... துறையிலை...

வினோஜா: பின்வளவிலை.

கோகுலன்: வினோஜா!

வினோஜா: எட்டிப் பாத்தால் தெரியிறதை எப்பிடி மறைக்கிறது? பின்வளவிலை கிடக்கு, மிஸ். தென்னோலை போட்டு மூடியிருக்கு. இப்ப எடுக்கேலாது. கோழி அடை கிடக்குது.

ஆரபி: எதுக்குள்ளை?

வினோஜா: வள்ளத்துக்குள்ளை. முன்னாலை, அணியத்துப் பக்கம்.

ஆரபி: அடை இருபத்தொரு நாளெல்லோ, அக்கா?

வினோஜா: ஓம்.

ஆரபி: எத்தினையாம் நாள்?

வினோஜா: இண்டைக்குப் பத்து. இது ரெண்டாம் அடை.

ஆரபி: ரெண்டாம்... அப்ப கடைசியாத் தண்ணி எடுத்த வியாழன்? அதுக்கு முந்தின தரம்? அண்ணை, கோழியோடையோ கடலுக்குப் போனனீங்கள்?

கோகுலன்: இவளுக்கு வாயிலை ஒண்டும் நிக்காது.

ஆரபி: வள்ளம் எப்ப கரை ஏறினது?

கோகுலன்: மேயிலை.

ஆரபி: ஏழு வியாழன். நாற்பத்திரண்டு போத்தில். எங்கை எடுத்தனீங்கள்?

கோகுலன்: கடலிலைதான்.

ஆரபி: கடல் பெரிசு.

கோகுலன்: கரையிலை நிண்டு. குழாயடியிலை.

ஆரபி: ஆறும்?

கோகுலன்: ஆறும். பேரை மாத்தி ஒட்டினனான்.

ஆரபி: அதுதான் மூண்டும் ஒரே மாதிரி.

கோகுலன்: ஒரே கடல் எண்டு நான் அப்பவே சொன்னனான்.

ஆரபி: பகிடி விடாதேங்கோ, அண்ணை. இப்ப பகிடி விடாதேங்கோ.

கோகுலன்: இல்லை.

ஆரபி: ஏன் எனக்குச் சொல்லேல்லை? வள்ளம் ஏறினதெண்டு ஒரு போன் எடுத்திருக்கலாமே?

கோகுலன்: சொன்னால் நீங்கள் வேறை ஆளைப் பிடிப்பியள். அவன் ஏன் கோகுலன் போகேல்லை எண்டு கேப்பான். பேந்து ஊர் கேக்கும்.

ஆரபி: கேட்டால் என்ன? கரைக்குக் கிட்ட மீன் இல்லை, எத்தினையோ பேரின்ரை வள்ளம் ஏறிக் கிடக்கு.

வினோஜா: மிஸ், தேத்தண்ணி ஆறுது. வேறை போட்டுத் தரட்டோ?

ஆரபி: வேண்டாம், அக்கா. அண்ணை, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு நான் உங்களைக் கேட்கவும் கூடாது. எனக்கு வாய் இல்லை.

கோகுலன்: ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?

ஆரபி: அறிக்கையிலை ரெண்டாம் பக்கம் ஒரு வரி கிடக்கு. தண்ணி எடுத்த ஒவ்வொரு நாளும் நான் நேரிலை வள்ளத்திலை நிண்டனான் எண்டு. கீழை என்ரை கையெழுத்து.

கோகுலன்: நீங்கள் வரேல்லையே?

ஆரபி: வரேல்லை.

வினோஜா: ஏன் மிஸ் அப்பிடி எழுதினனீங்கள்?

ஆரபி: சத்தி வருது, அதாலை போகேல்லை எண்டு எழுதேலுமோ, அக்கா? கடல் படிப்பிக்கிற ஆள்.

கோகுலன்: அப்ப நீங்களும் இல்லாத வள்ளத்திலை போனனீங்கள்.

ஆரபி: ஓம். ரெண்டு பேரும் கரையிலை நிண்டுகொண்டு கடலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறம்.

வினோஜா: சிரிக்காதேங்கோ ரெண்டு பேரும். எனக்குப் பயமாக் கிடக்கு.

கோகுலன்: வடிக்கேக்கை பயம் இருக்கேல்லையோ?

வினோஜா: நான் வடிச்சது ஒண்டுதான் உண்மையாச் செய்தது. மிச்சம் எல்லாம் நீங்கள் ரெண்டு பேரும் எழுதினது.

ஆரபி: சரியான கதை. சரி, அக்கா. நாளைக்கு எழும்பிச் சொல்லுறன். ஏழு தரமும் பிழை. நான் போகேல்லை. ஒருத்தரிலையும் பழி போடமாட்டன், உங்கடை பேர் வராது.

கோகுலன்: உங்கடை வேலை?

ஆரபி: தெரியேல்லை.

கோகுலன்: குழாய்?

ஆரபி: போகும். அப்பிடியே போய்க்கொண்டிருக்கும்.

கோகுலன்: மிஸ்... செத்ததும் இருக்கும்.

ஆரபி: என்ன?

கோகுலன்: எல்லாம் துணியிலை நிண்டதில்லை. போத்திலிலை வரேக்கையே கொஞ்சம் செத்துத்தான் இருக்கும்.

ஆரபி: எப்பிடித் தெரியும்?

கோகுலன்: மணம்.

வினோஜா: ஓம் மிஸ், மணந்தது. கிணத்துக்கு மருந்து போட்ட மாதிரி. அதுக்கும் சேத்துத்தான் வடிச்சனான்.

ஆரபி: கிணத்துக்குப் போடுறதோ? குளோரினோ? ஒவ்வொரு தரமுமோ?

வினோஜா: ஒவ்வொரு தரமும். துணி கூட ரெண்டு இடத்திலை வெளுத்துப்போச்சு.

ஆரபி: பொறுங்கோ, பொறுங்கோ. குளோரின் எண்டால் பற்றீரியாவும் சாகோணும். எனக்கு மூண்டு மடங்கு... இல்லை. தப்பினது கொஞ்சம். இரவு முழுக்க உங்கடை குசினியிலை செத்ததைத் திண்டு... ஐயோ. துணியும் சரி, குளோரினும் சரி. எது வடிஞ்சது, எது செத்தது எண்டு பிரிக்கேலாது இப்ப.

கோகுலன்: பிரிக்க வேண்டாம். குளோரின் போறது உண்மை.

ஆரபி: கழிவுக் குழாயிலை குளோரின் விடக்கூடாதெண்டு அவைக்குத் தந்த அனுமதியிலையே கிடக்கு. நான் அதைத் தேடேல்லை. யூரியாக் கதையையே பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன். எப்ப விடுகினம்?

கோகுலன்: ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. வியாழன்.

ஆரபி: நாங்கள் தண்ணி எடுக்கிற வியாழனோ?

கோகுலன்: அதே வியாழன். மூண்டு மணிக்கு. ரெண்டு மூட்டைத் தூள். தொட்டி கழுவிற நாள். மணத்தைக் கொல்லுறதுக்கு.

ஆரபி: மூண்டு மணி, ரெண்டு மூட்டை... கரையிலை நிண்டால் இதெல்லாம் தெரியுமோ?

கோகுலன்: தெரியும்.

ஆரபி: குழாயடியிலை கம்பி வேலி. காவல் வேறை. ஜனவரியிலை என்னைக் கிட்ட விடேல்லை. உங்களை எப்பிடி விட்டவங்கள்?

வினோஜா: மிஸ், பிஸ்கற் ஒண்டாவது...

ஆரபி: அக்கா, பொறுங்கோ. அண்ணை?

கோகுலன்: விட்டவங்கள்.

ஆரபி: சரி, எப்பிடியும் இருக்கட்டும். நாளைக்குப் புதன். வியாழன் வரைக்கும் கூட்டம் காத்துக்கொண்டு நிக்காது. என்ரை போத்திலை ஒருத்தரும் இனி நம்பாயினம், நம்பவும் கூடாது. கண்ணாலை கண்ட ஒராள் வேணும், அண்ணை. மூட்டையைக் கண்டவர். உள்ளுக்கை நிண்டவர்.

கோகுலன்: ஓம்.

ஆரபி: அப்பிடி ஒராள் எழும்பிச் சொன்னால், என்ரை நாற்பது பக்கம் விழுந்தாலும் குழாயை மூடுவினம். உங்களுக்கு ஆரையும் தெரியுமோ?

கோகுலன்: தெரியும்.

ஆரபி: வருவாரோ?

வினோஜா: இஞ்சேருங்கோ... வேண்டாம்.

ஆரபி: என்ன அக்கா வேண்டாம்? எனக்கு விளங்கேல்லை. அண்ணை, நீங்கள் நாளைக்குச் சங்கத்தோடை வருவியள்தானே? அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

கோகுலன்: வருவன், மிஸ். ஆனா சங்கத்தோடை இல்லை, கொம்பனி வாகனத்திலை. வேலைக்காரர் எங்கள் எல்லாரையும் கொம்பனி நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாங்கள். மேயிலையிருந்து அந்த ரெண்டு மூட்டையையும் உடைச்சுக் கொட்டுறது நான்தான். கொட்டிப்போட்டு, அதிலை நிண்டுதான் உங்கடை போத்திலையும் நிரப்பினனான். நானா எழும்ப மாட்டன். பேரைச் சொல்லிக் கேளுங்கோ.